பானைக்குள் ஆடிக் காற்று

சின்னமனூரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில், கிரைண்டருக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் நடுவே, ஒரு கறுப்புப் பானை வந்து குடியேறிப் பல மாதங்கள் ஆகின்றன. பானை என்று சொன்னேனே தவிர, அதற்கு வாய் தலையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. மேஜை இழுப்பறையை இழுப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால், அடியெல்லாம் ஓட்டை போட்ட ஒரு கூடை வெளியே வரும். தலையில் இரண்டு திருகுகள். ஒன்று உஷ்ணத்துக்கு, மற்றொன்று நேரத்துக்கு. நேரம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை மணி அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கடைக்காரர்கள் இதற்கு 'ஏர் பிரையர்' என்று பெயர் சொல்லுகிறார்கள். என் கணவர் தமிழ்ப் பற்று உள்ளவர். ஆகையால் 'காற்றுப் பொரிப்பான்' என்று உடனே மொழிபெயர்த்துவிட்டார். என் மாமியார் மட்டும் முதல் நாளிலிருந்தே 'பானை' என்றுதான் சொல்லி வருகிறார். வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

இந்தப் பானையில் என்ன சமைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும். இரு போகம் நெல் விளைகிற ஊர். வயலுக்கு அப்பால் வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். அதற்கு அப்பால் ஏலமும் மிளகும் காய்க்கிற மலை. இவ்வளவு இருக்க, உறைய வைத்த சீஸ் உருண்டைகளைப் பொட்டலத்தில் வாங்கி வந்து பொரித்துத் தின்கிறோம் என்று எப்படிச் சொல்லுவது? ஆனாலும் அதுதான் உண்மை. உருளைக்கிழங்கு மாவுக்குள் சீஸை அடைத்து, மேலே ரொட்டித் தூளைப் பூசி, பாறைபோல் உறைய வைத்து விற்கும் அந்தப் பதார்த்தத்தை என் பையன் ஒரு சிநேகிதன் வீட்டுப் பிறந்த நாள் விருந்தில் தின்றுவிட்டு வந்தான். கடித்து இழுத்தால் சீஸ் நூல் ஒரு முழம் நீளுகிறதாம். அன்று முதல் எங்கள் வீட்டு முறுக்குக்கும் சீயத்துக்கும் மதிப்புக் குறைந்துவிட்டது.

முறுக்கு, சீயம் என்றதும் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. நான் உத்தமபாளையத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறேன். மாலையில் பஸ் பிடித்து வீடு வந்து சேர ஐந்தரை மணி ஆகிவிடும். பையன் நாலரைக்கே வந்துவிடுவான். என் கணவர் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவர். அவர் வருவது இருட்டிய பிறகுதான். ஆகவே நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையேயுள்ள அந்த ஒரு மணி நேரம், பையன் பிறந்தது முதல் அத்தையின் ராஜ்யமாக இருந்து வந்தது. பையன் புத்தகப் பையை வீசி எறிவதற்கும், எண்ணெய்ச் சட்டியில் முதல் வடை மிதப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். அதைத் தின்றுகொண்டே அவன் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் எல்லாவற்றையும் அப்பத்தாவிடம் ஒப்பித்துவிடுவான். நான் வீடு திரும்பும்போது எனக்குச் சொல்லுவதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சம் இராது. இதில் எனக்குச் சிறிது பொறாமைகூட உண்டு.

மூன்று வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அத்தையின் கையிலிருந்து முறுக்கு உரல் நழுவிக் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தது. அப்போதே அவருக்குக் கை நடுக்கம் ஆரம்பித்திருந்தது. ஒரு கண்ணில் புரை வேறு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி எங்களை ஏமாற்றி வந்திருக்கிறார். எண்ணெய் தெறித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் தோல் வழண்டுவிட்டது. பையன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். இரண்டடி! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறிய அன்று நான் ஒரு சட்டம் போட்டேன்: "அத்தை, இனிமேல் நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது."

அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சமையலறையை விட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், அதிலிருந்து அநேகமாகத் திண்ணையிலேயே இருந்தார். நாலரை மணிக்குப் பையனுக்குப் பிஸ்கட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். அவன் அதை வாங்கிக்கொண்டு டெலிவிஷனுக்கு முன்னால் போய்விடுவான். பள்ளிக்கூடத்துச் சமாசாரங்கள் இப்போது எனக்காக மிச்சம் இருந்தன. ஆனால் ஐந்தரை மணிக்குள் அவை ஆறிப்போய், சொல்லுகிறவனுக்கும் சுவாரஸ்யம் இல்லாமல், கேட்கிறவளுக்கும் சுவாரஸ்யம் இல்லாமல் போயிருக்கும்.

இந்த நிலைமையில்தான் ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி பொங்கல் சீராக மேற்படி பானையை அனுப்பி வைத்தான். நானும் அந்தச் சனிக்கிழமையே தேனிக்குப் போய், பெரிய கடை ஒன்றில் சீஸ் உருண்டைப் பொட்டலம் வாங்கிவந்தேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லுகிறேன். பொட்டலத்தைப் பிரித்து, இருபது உருண்டைகளையும் ஒன்றாகக் கூடைக்குள் கொட்டி, உஷ்ணத்தை 200 டிகிரிக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிஷத்துக்கும் திருப்பி வைத்தேன். உள்ளே 'ஹோ' என்று ஒரு சத்தம் கிளம்பிற்று. பாட்டியும் பேரனும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏந்தாயி, ஆடிக் காத்தைப் புடிச்சு உள்ளாற அடைச்சுல்ல வச்சிருக்கான்!" என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கில் வசிக்காதவர்களுக்கு இந்த உவமையின் பொருத்தம் தெரியாது. ஆனி பிறந்தால் குமுளி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். எங்களுக்கு வருவது சாரலும் காற்றுந்தான். மலை இடுக்கு வழியாகப் புகுந்து ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகும் அந்தக் காற்றில், மொட்டை மாடியில் ஈரப் புடைவையை விரித்தால் மறு முனையைக் கட்டுவதற்குள் இந்த முனை காய்ந்துவிடும். பானைக்குள் நடப்பதும் அதேதான். உச்சியில் ஒரு மின்சாரக் கம்பிச் சுருள் பழுக்கக் காய்கிறது. அதற்கு மேல் ஒரு விசிறி சுழன்று அந்த அனலைக் கீழே அடிக்கிறது. இருபது வருஷமாகப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கும் நான் ஒரு பக்கம் எழுதி விளக்கியிருப்பேன். அத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மணி அடித்தது. கூடையை இழுத்துப் பார்த்தோம். உருண்டைகள் இருந்தன, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. சீஸ் முழுவதும் வெடித்து வெளியேறி, ஓட்டைகளின் வழியே கீழே ஒழுகி, தட்டில் தீய்ந்து, கருகிய தோசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கிடந்த நாலைந்து மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சொதசொதவென்று இருந்தன. பையன் ஒரு வெறுங் கூட்டைக் கடித்துவிட்டு அழும் நிலைக்கு வந்துவிட்டான். அந்தக் கூடையைச் சுரண்டிக் கழுவ எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வெந்நீரில் ஊறப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

பட்டதாரி ஆசிரியைக்கு ஒரு ரோசம் உண்டல்லவா? உருண்டை எதனால் வெடித்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். அப்போது தெரிந்துகொண்ட சில விஷயங்கள் நேயர்களுக்கும் உபயோகப்படக் கூடும்.

முதலாவது, எண்ணெயும் காற்றும் ஒன்றல்ல. 180 டிகிரி அனல் வீசும் அடுப்புக்குள் ஒரு வினாடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே 180 டிகிரி எண்ணெயில் விரல் நுனி பட்டால் என்ன ஆகும் என்பதை என் மாமியாரைக் கேட்டால் சொல்லுவார். எண்ணெய் ஒரு கணத்தில் கொடுக்கும் உஷ்ணத்தைக் காற்று மெள்ள மெள்ளத்தான் கொடுக்கும். அதிலும் பதார்த்தத்தைச் சுற்றிலும் ஈரக் காற்று ஒரு மெல்லிய போர்வைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் போர்வையை உரித்து எறிவதுதான் விசிறியின் வேலை. நானோ இருபது உருண்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து, காற்று நுழைய வழியே இல்லாமல் செய்துவிட்டேன்.

இரண்டாவது விஷயம் சீஸின் சுபாவம். உறைபெட்டியில் அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் கல்லாகக் கிடக்கிறது. சுமார் 60 டிகிரிக்கு வந்தால் இளகிக் குழம்பாகிவிடும். அதிலிருக்கும் ஈரம் ஆவியாகத் தொடங்கினால், எங்கே ஒரு விரிசல் கிடைக்கும் என்று தேடும். மேல் ஓடு சிவந்து மொறுமொறுப்பதற்கோ 140 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். ரொட்டியும் வடையும் சிவப்பதற்குக் காரணமான ரசாயன மாறுதலை 1912-ம் வருஷத்தில் லூயி காமில் மெய்யார் என்னும் பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சொன்னார். ஆகவே ஓடு சிவப்பதற்கும் உள்ளே சீஸ் ஆவியாகிக் கிளம்புவதற்கும் இடையே ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. உறைந்த உருண்டையை அப்படியே போட்டால்தான் ஓடு ஜயிக்கும். பனிக்கட்டி இளகட்டும் என்று வெளியே எடுத்து வைத்தால் சீஸ் ஜயித்துவிடும்.

என் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். தேனியிலிருந்து சின்னமனூருக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அன்று வீரபாண்டியில் கூட்டம் ஏறி, வண்டி அங்கேயே கால் மணி நின்றுவிட்டது. மடியில் துணிப் பையில் இருந்த பொட்டலம் சீலையம்பட்டி வருவதற்குள் வியர்க்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி உறைபெட்டியில் வைத்தேன். இப்படி இளகியதை மீண்டும் மெள்ள உறைய வைத்தால், பெரிய பெரிய பனிக் கற்கள் உண்டாகி மேல் ஓட்டைக் கீறிவிடும். இளகிய பண்டத்தை மறுபடி உறைய வைப்பது உடம்புக்கும் நல்லதல்ல.

வேகமாக உறைய வைத்தால் பனிக் கற்கள் சிறுத்துப் பண்டம் கெடாது என்ற ரகசியத்தைக் கண்டு வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்னும் அமெரிக்கர். 1912 முதல் சில வருஷங்கள் அவர் லாப்ரடார் என்னும் பனிப் பிரதேசத்தில் இருந்தார். அங்கே பிடித்த மீன் குளிர் காற்றில் நொடியில் விறைத்துப் போவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதிது போலிருப்பதையும் பார்த்தார். 1930-ல் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊர்க் கடைகளில் அவருடைய உறைந்த பண்டங்கள் விற்பனைக்கு வந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், உறைந்த சாப்பாடும் அனல் காற்று அடுப்பும் ஏறக்குறையக் கூடப் பிறந்தவை. 1945-ம் வருஷத்தை ஒட்டி வில்லியம் மாக்ஸன் என்பவர் ஆகாய விமானப் பிரயாணிகளுக்காக உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளைத் தயாரித்தார். அவற்றைச் சுட வைப்பதற்கென்று விசிறி வைத்த ஓர் அடுப்பையும் சேர்த்தே செய்தார். இன்றைய பானை டச்சுக்காரரான பிரெட் வான் டெர் வீய் என்பவரின் யோசனை. 2010-ல் பெர்லின் நகரத்துப் பொருட்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியார் அதை வெளியிட்டார்கள்.

மூன்றாவது விஷயத்தைச் சொன்னால் விளம்பரக்காரர்களுக்குக் கோபம் வரும். 'எண்ணெயே இல்லாமல் பொரிக்கலாம்' என்கிறார்களே, அது பாதி உண்மைதான். இந்த மாதிரி உருண்டைகளைத் தொழிற்சாலையில் ஒரு முறை எண்ணெயில் லேசாகப் பொரித்து எடுத்த பிறகே உறைய வைப்பது வழக்கம். ரொட்டித் தூளுக்குள் அந்த எண்ணெய் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நாம் ஒரு துளிகூட விடாமலே ஓடு மொறுமொறுக்கிறது. எண்ணெயை ஒழித்துவிட்டதாக நாம் பெருமைப்படுகிறோம். எண்ணெய்ச் சட்டி நம் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது பொட்டலத்தைப் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். பானையை மூன்று நிமிஷம் வெறுமனே காய வைத்து, எட்டே எட்டு உருண்டைகளை ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி, 180 டிகிரியில் எட்டு நிமிஷம் வைத்தேன். பாதியில் ஒரு தடவை கூடையைக் குலுக்கினேன். ஏதாவது ஒன்றில் வெள்ளைப் புள்ளியாய்ச் சீஸ் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். எடுத்ததும் தின்னக் கூடாது; இரண்டு நிமிஷம் ஆறவிட வேண்டும். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே இருக்கும் சீஸ் நாக்கைச் சுட்டுவிடும். பையன் கடித்தான். நூல் ஒரு முழம் இல்லாவிட்டாலும் ஒரு சாண் நீண்டது.

அத்தையும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் மென்றார். "உப்பு இருக்கு, ஒறப்பு இல்ல. மாவு நல்லாத்தான் மொறுமொறுங்குது. உள்ளாற இருக்கிறதுதான் ரப்பர் கணக்கா இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்பதுபோல், "இதுல தீ எங்கிட்டுத்தா இருக்கு?" என்றார். "தீயே கிடையாது, அத்தை" என்றேன். "எண்ணெய்?" "அதுவும் கிடையாது." "ம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு. முடித்துவிட்டு வர ஆறரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. வாசற்படி ஏறும்போதே பொரித்த வாசனை மூக்கில் பட்டது. எனக்குப் பகீர் என்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அத்தை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பானைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பையன் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, கணக்கு வாத்தியார் நாற்காலியிலிருந்து விழுந்த கதையை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். இருவரும் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீர்கள்?" என்று கத்தினேன். கத்தினேன் என்பதை மறைப்பதற்கில்லை. மாமியாரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

அத்தை பதில் சொல்லவில்லை. பையன்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் பானையைக் காட்டினான். உஷ்ணத் திருகில் 180-க்கு நேரே என்னுடைய சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று. நேரத் திருகில் 8-க்கு நேரே இன்னொன்று. எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் பார்த்து, முனை பொட்டைத் தொடும் வரையில் திருப்பினால் போதும். முடிந்தால் மணி அடிக்கும், தானாக அணைந்துவிடும். கூடையின் கைப்பிடி சுடாது. என் பெட்டியிலிருந்து பொட்டைத் திருடியது பையன். யோசனை யாருடையது என்று கேட்டேன். "அப்பத்தாதான்" என்றான். மூன்று வாரமாக இது நடந்து வருகிறதாம். நான் ஐந்தரைக்கு வருவதற்குள் கூடையைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவார்களாம்!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சட்டம் போட்டபோது கொதிக்கும் எண்ணெயை மட்டுந்தான் நினைத்தேன். அதோடு சேர்த்து அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன். அவர் அதற்கு இடங் கொடுக்கவில்லை. "பொட்டலம் தீரப் போகுது, தாயி. காசைப் போட்டு அதை எதுக்கு வாங்கணும்? கிழங்கு வேகவச்சுக் குடுத்துட்டுப் போ, நான் உருட்டுறேன்" என்றார்.

அதற்குப் பின் எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு பரிசோதனைச் சாலையாக மாறிற்று. பானையின் குணதோஷங்களை அத்தை ஒவ்வொன்றாகச் சோதித்தார். வாழைக்காய் பஜ்ஜி போட்டுப் பார்த்தார். கரைத்த மாவு ஓட்டை வழியே ஒழுகி, வாழைக்காய் வெறும் வாழைக்காயாகவே வெந்தது. எண்ணெயில் விழுந்த மாவு அந்தக் கணமே இறுகிவிடும். காற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அப்பளம் போட்டுப் பார்த்தார். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, அப்பளம் பறந்தது. மேலே போய்க் கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டு கருகி, வீடெல்லாம் புகை. அது அணைந்த பிறகு அத்தை சிரித்த சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொரு நாள் ஒரு வேடிக்கை நடந்தது. சீஸ் விலை அதிகமாக இருக்கிறதே என்று என் கணவர் ஒரு பொட்டலத்தை வாங்கி வந்து, "அம்மா, இன்னிக்குப் பன்னீர் உருண்டை போடுங்க" என்றார். அத்தை திகைத்துப்போனார். எங்கள் பக்கத்தில் பன்னீர் என்றால் கம்பத்துப் பன்னீர்த் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. "திராச்சையை எப்பிடிய்யா பொரிக்கிறது?" என்று கேட்டார். விஷயம் விளங்கியதும் உருண்டை பிடித்துப் போட்டார். ஆனால் கடித்து இழுத்தால் நூல் வரவில்லை. பையன் முகம் வாடிவிட்டது. காய்ச்சிய பாலில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து திரித்து எடுக்கும் பன்னீர் எத்தனை சூட்டிலும் இளகாது, வேண்டுமானால் சிவக்கும். மொஸரெல்லா போன்ற சீஸ், உறை நொதி விட்டு, புளிப்பை ஓர் அளவில் நிறுத்திச் செய்வது. அதனால்தான் அது இழுபடுகிறது. இதை நான் விளக்கியபோது, "பன்னீரு ரோசக்காரன். சீஸு இளகின மனசுக்காரன்" என்றார் அத்தை. பத்தாம் வகுப்பில் இதை அப்படியே சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.

சீஸ் விஷயத்தில் எனக்கு முதலில் ஒரு தயக்கம் இருந்தது. அந்நிய தேசத்துப் பண்டந்தானே என்று. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நம் நாட்டுப் பால்தான் என்று பிறகு சமாதானம் அடைந்தேன். 1946-ல் குஜராத்தில் கேடா ஜில்லாக் குடியானவர்கள் தங்கள் பாலைத் தாங்களே விற்பதென்று கூடி ஆரம்பித்த சங்கம் அல்லவா பிற்பாடு 'அமுல்' ஆயிற்று? எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் தலையை ஆட்டியபோது, எச். எம். தலாயா என்னும் நம் நாட்டு நிபுணர் ஆனந்து நகரில் செய்து காட்டினார். சீஸை மட்டும் ஏன் அந்நியமாக நினைக்க வேண்டும்?

இப்போது எங்கள் வீட்டில் கைவந்திருக்கும் முறை இது. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அரைக் கிலோ உருளைக்கிழங்கை நான் வேகவைத்து உரித்து வைத்துவிடுவேன். அத்தை அதை மசித்து, உப்பு, குமுளி மிளகு இடித்த தூள், கொத்தமல்லி இலை சேர்த்து, நடுவில் சுண்டுவிரல் கணு அளவு சீஸ் வைத்து உருட்டுவார். சீஸ் எங்கும் தெரியக் கூடாது. கெட்டியான சோள மாவுக் கரைசலில் தோய்த்து, தூளில் புரட்டி, மறுபடி தோய்த்து, மறுபடி புரட்ட வேண்டும். ஒரு பூச்சு போதாது; வெடிக்கும். ரொட்டித் தூளுக்குப் பதிலாக அத்தை உபயோகிப்பது இடித்த அவல். அதில் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு முன்னதாகவே பிசிறி வைத்துவிடுவார். தொழிற்சாலைக்காரர்கள் ஒளித்து வைத்ததை அவர் வெளிப்படையாக வைக்கிறார். பிறகு உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, ராத்திரி முழுதும் உறைபெட்டியில் இருக்க வேண்டும். மறுநாள் நாலரை மணிக்கு, பொட்டிலிருந்து பொட்டுக்குத் திருகைத் திருப்ப வேண்டியதுதான். வீட்டு உருண்டை கொஞ்சம் பெரியது. ஆகையால் நேரப் பொட்டைப் பையன் 10-க்கு மாற்றி ஒட்டியிருக்கிறான். 1400 வாட் பானை பத்து நிமிஷம் ஓடினால் கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்.

எண்ணெயில் பொரித்ததற்கு இது சமமா என்று கேட்டால், சமமில்லை என்றுதான் சொல்லுவேன். வாயில் போட்டவுடன் நொறுங்கும் அந்தச் சுகம் இதில் இல்லை. ஆறினால் ஓடு தடித்துவிடும். அத்தைக்கும் இது தெரியும். விருந்தினர் யாராவது "எண்ணெயில் பொரித்த மாதிரியே இருக்கிறதே" என்று முகஸ்துதி செய்தால், "எண்ணெயில பொரிச்சதைத் தின்னதில்லையாக்கும்" என்று கேட்டுவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அத்தை வந்து அருகில் உட்கார்ந்தார். வெந்த கையின் தழும்பைத் தடவிக்கொண்டே, "இந்தப் பானையில முறுக்கு வருமாத்தா?" என்று கேட்டார். வராது என்றேன். அவரே சோதித்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எட்டு மாசமா ஒரு உருண்டையைக் கீழ போட்டிருக்கேனா? கண்ணும் ஆப்பரேசன் பண்ணியாச்சு. நீ அடுப்புக்கிட்ட நில்லு. உரலை நான் புடிக்கிறேன். அய்யாவை வாசல்ல உக்கார வச்சிருவோம்" என்றார்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. செக்கில் மூன்று லிட்டர் கடலை எண்ணெய்க்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.